எண்ணூர்ச் சிப்பிகள்: ஐந்து குவியல், இரண்டு இனம், ஒரு காக்கா ஆழி

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் 29ஆம் எண் சிப்பியின் டிஎன்ஏவை வாசித்த கோப்பு வந்தது. இரண்டாவது முயற்சி. திறந்து பார்த்தால் டிஎன்ஏவின் நான்கு எழுத்துகளுக்கான நான்கு நிற முகடுகளும் ஒன்றோடொன்று மோதாமல் வரிசை கட்டி நின்றன. பதினொரு மாதமாக இழுத்துக்கொண்டிருந்த வேலை அதோடு முடிந்தது. முடிந்தது என்றால், தேடிப்போன புது இனம் கிடைத்தது என்று அர்த்தமில்லை. கிடைக்கவில்லை. நடுவில் மூன்று நாள் மட்டும் கிடைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தோம். அந்த வெட்கக்கேட்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் வடசென்னையில் ஒரு கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கிறேன். திருவொற்றியூரில் பிறந்து வளர்ந்தவள். இரண்டு முதுகலை மாணவிகளுக்குப் புராஜெக்ட் கொடுக்க வேண்டியிருந்தது. அந்தச் சமயத்தில் எங்கள் பக்கம் யாரைப் பார்த்தாலும் காக்கா ஆழி பற்றித்தான் பேச்சு. கொசஸ்தலை ஆற்றில் இறால் பிடிக்கிறவர்கள் அதைத் திட்டாமல் வாயைத் திறக்க மாட்டார்கள். அமெரிக்கக் கண்டத்து வெப்பக் கரைகளைச் சேர்ந்த, இரண்டு ஓடுள்ள மட்டி வகை அது. அறிவியல் பெயர் மைட்டெல்லா ஸ்ட்ரிகேட்டா. ஆற்றின் அடியில் பாய் விரித்த மாதிரி படர்ந்து, இறால் புதைய வேண்டிய சேற்றையே மூடிவிடுகிறது. ஒரு மாணவி கேட்டாள்: "மேம், இவ்வளவு பெரிய கூட்டமே நமக்குத் தெரியாம உள்ள வந்திருக்கு. அப்போ தூண்ல ஒட்டியிருக்கிற சிப்பியெல்லாம் ஒரே இனம்னு எப்படிச் சொல்றோம்?"

சொல்லத் தெரியவில்லை. ஆகவே அதுவே தலைப்பாயிற்று. ஓட்டின் வடிவத்தை வைத்து ஒரு தரம் பிரிப்பது, டிஎன்ஏ வைத்து ஒரு தரம் பிரிப்பது, இரண்டும் ஒத்துவருகிறதா என்று பார்ப்பது. சிப்பி என்று நான் சொல்வது கல்லிலும் தூணிலும் ஒட்டி வளரும் உணவுச் சிப்பியை. முத்துச் சிப்பி வேறு குடும்பம்.

இடம் நான்கு தேர்ந்தெடுத்தோம். ஆற்றுப் பாலத்தின் தூண், முகத்துவாரத்துக்கு உள்பக்கம் ஒரு சேற்றுத் திட்டு, அலையாத்தி வேர்கள், அப்புறம் எண்ணூர் விரைவுச் சாலையை ஒட்டிக் கடலுக்குள் நீட்டிப் போட்டிருக்கிற கருங்கல் தடுப்பு. ஒவ்வொன்றிலும் 12 சிப்பி, மொத்தம் 48. கருங்கல் தடுப்புக்கு நடந்தே போகலாம். மற்ற மூன்றுக்கும் படகு வேண்டும். தாழங்குப்பத்து அண்ணன் ஒருவர் நடைக்கு 800 ரூபாய் என்று ஒத்துக்கொண்டார். அமாவாசையை ஒட்டி, தண்ணீர் நன்றாக வத்துகிற நேரமாகப் பார்த்துப் போனோம். முதல் நாள் நாங்கள் பெட்டி, கயிறு, தராசு என்று இறங்கியதைப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: "டீச்சர், இது துண்றதுக்கா, படிக்கிறதுக்கா?" படிக்கத்தான் என்றேன். "அப்போ அந்தாண்ட எண்ணெய் புட்ச்சதையே எடுங்க, நல்லத வுட்டுருங்க" என்றார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு வந்த எண்ணெயின் கறுப்பு, சில வேர்களில் இன்னும் வளையம் போட்ட மாதிரி இருக்கிறது. அந்த வேர்களில் செத்த ஓடுகள்தான் அதிகம். உயிருள்ளதைத் தேடிப் பிடிக்க அன்றைக்கு ஒரு மணி நேரம் கூடுதலாயிற்று.

பெயர்த்தெடுக்கப் பெரிய உளி வாங்கியிருந்தேன். தப்பு. சிப்பியின் இடது ஓடுதான் கிண்ணம் போலக் குழிந்து தூணோடு ஒட்டியிருக்கும். வலது ஓடு மேல்மூடி. உளியை ஓங்கி அடித்தால் மூடி மட்டும் தெறித்துக் கையில் வருகிறது, கிண்ணம் தூணிலேயே நிற்கிறது. நமக்கு இரண்டும் வேண்டும். மூன்று சிப்பியை இப்படி வீணாக்கியபின் அண்ணன் தன் பெட்டியிலிருந்து ஒரு தேய்ந்த ஸ்க்ரூடிரைவரை எடுத்துக் கொடுத்தார். நுனியைச் சாணைக் கல்லில் தட்டையாகத் தீட்டியிருந்தது. தூணுக்கும் ஓட்டுக்கும் நடுவே, ஓட்டோடு படுத்த மாதிரி வைத்துச் சுத்தியலால் நாலு தட்டு மெதுவாக. பொறுக்கு உரிகிற மாதிரி 'சர்' என்று கழன்று வரும். அடுத்த வாரமே 60 ரூபாய்க்கு ஒரு ஸ்க்ரூடிரைவர் வாங்கித் தீட்டிக்கொண்டேன். 450 ரூபாய் உளி இப்போது ஆய்வகக் கதவு சாத்தாமலிருக்க முட்டுக்கொடுக்கிறது.

கையுறை விஷயத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். மளிகைக் கடை ரப்பர் கையுறையைச் சிப்பி விளிம்பு பிளேடு மாதிரி அறுக்கும். கட்டட வேலைக்குப் போடுகிற தடித்த துணிக் கையுறைதான் சரி.

இனி எண் போடும் கதை. ஒவ்வொரு சிப்பியிலும் இரண்டு ஓட்டையும் இழுத்து மூடும் தசையிலிருந்து பயறளவு வெட்டி 95 சத ஆல்கஹாலில், அதே எண்ணோடு ஓடு தனி உறையில். ஃபார்மலினில் போட்டால் டிஎன்ஏ கெட்டுப்போகும் என்பதால் அது ஆரம்பத்திலேயே வேண்டாம் என்று வைத்துவிட்டோம். இந்த அளவுக்குப் புத்திசாலித்தனமாக இருந்தவர்கள், குழாய்மேல் எண்ணை மார்க்கர் பேனாவால் எழுதினோம். அழியாத மை என்றுதான் அட்டையில் போட்டிருக்கிறது. தண்ணீருக்கு அழியாது. ஆல்கஹால் ஒரு சொட்டு கசிந்தால் அழியும். குளிர்பெட்டியில் படுத்துக் கிடந்த குழாய்களில் ஆறு நீலச் சாயமாகக் கரைந்து ஒன்றோடொன்று குழம்பிவிட்டன. எந்தச் சதை எந்த ஓட்டுக்கு என்று சொல்ல வழியில்லை. ஆறையும் தூக்கிப் போட்டோம். மிச்சம் 42. அன்றிலிருந்து கெட்டித் தாளில் பென்சிலால் எழுதி, அந்தத் துண்டைக் குழாய்க்கு உள்ளேயே போடுகிறோம். கரி ஆல்கஹாலுக்கு அசைவதில்லை.

ஓடுகளைக் கழுவும்போது இன்னொரு அவசரம். சேற்றுத் திட்டுச் சிப்பியில் கறுப்புச் சேறு அடை அடையாக ஒட்டியிருந்தது. மூன்று ஓட்டை மட்டும் பிளீச்சிங் பவுடர் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறப்போட்டுப் பார்த்தோம். காலையில் பளிச்சென்று வெளுத்திருந்தது, ஆனால் விளிம்பு பொடிந்தது. அதனால் மற்றதையெல்லாம் வெறும் தண்ணீரும் பல் துலக்கும் பிரஷ்ஷுமாகத் தேய்த்தோம். அந்த மூன்று ஓட்டைப் பற்றி நோட்டில் ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை.

அளவெடுக்க 320 ரூபாய்க்குப் பாரிமுனையில் ஒரு இரும்பு வெர்னியர் வாங்கினோம். சிப்பியில் கீலிலிருந்து எதிர் விளிம்பு வரை உள்ளதுதான் உயரம். பார்வைக்கு அதுதான் நீளமாகத் தெரியும் என்பதால் என் மாணவி முதல் 14 ஓட்டுக்கு உயரத்தையும் நீளத்தையும் மாற்றி எழுதிவிட்டாள். கணக்குப் போட்டபோது உயரத்தைவிட நீளம் இரண்டரை மடங்கு என்று வந்து, எங்களுக்கே சிரிப்பு வந்துவிட்டது. திரும்ப அளந்தோம். உயரம் 28 முதல் 104 மி.மீ. வரை. அதோடு நீளம், ஆழம், மூடும் தசை ஓட்டில் ஒட்டியிருந்த தழும்பின் அகலம், கீலின் அகலம். ஓட்டுக்கு ஐந்து எண். கறுப்பு ரெக்ஸின் துணிமேல் வைத்து உள்பக்கம் வெளிப்பக்கம் இரண்டும் படமெடுத்தோம். இந்தப் படங்கள்தான் கடைசியில் எங்களைக் காப்பாற்றின.

பிறகு வடிவத்தை வைத்துக் குவியல் பிரித்தோம். டிஎன்ஏ வருவதற்கு முன்பே கண்ணால் பார்த்து முடிவு எழுதி, உறையில் ஒட்டி வைத்துவிட வேண்டும் என்பது என் கண்டிப்பு. இல்லாவிட்டால் பதில் தெரிந்தபின் 'நான் அப்பவே நினைச்சேன்' என்று மனசு பொய் சொல்லும்.

ஐந்து குவியல் வந்தது. தூணில் நெருக்கிக்கொண்டு வளர்ந்த நீளமான, மெல்லிய 13 ஓட்டுக்கு 'கத்தி' என்று பெயர் வைத்தோம். நல்ல குழிவோடு கனமாக இருந்த 11, 'கிண்ணம்'. அலையாத்தி வேரைக் கவ்விக்கொண்டு வளர்ந்து அடியில் வேரின் அச்சு பதிந்த 7, 'வேர்ப்பிடி'. கருங்கல்லில் கிடைத்த, விளிம்பு தாழம்பூ மாதிரி மடிந்து மடிந்து போகிற சின்ன ஓடு 8, 'சுருள்'. கடைசியாக, உள்ளே தசைத் தழும்பு வெள்ளையாக இருந்த 3.

அந்த மூன்றுதான் எங்களைத் தூங்கவிடவில்லை. நம் உப்பங்கழிச் சிப்பிக்கு, அதாவது கிராசோஸ்ட்ரியா மெட்ராசென்சிஸ் என்று நாங்களெல்லாம் படித்த சிப்பிக்கு, தசைத் தழும்பு சிறுநீரக வடிவத்தில் கரும் ஊதாவாக இருக்க வேண்டும். உள்பக்கம் வழவழவென்று வெள்ளை, விளிம்பில் பல் கிடையாது. தழும்பு வெள்ளையென்றால் அது வேறொன்று. பாடப்புத்தகத்தில் வெள்ளைத் தழும்புக்குக் கிராசோஸ்ட்ரியா கிரைஃபாய்டிஸ் என்று இருக்கிறது. ஆனால் எங்கள் ஓட்டின் கீலும் குழிவும் அதற்குப் பொருந்தவில்லை. எதற்கும் பொருந்தாத மூன்று ஓடு. மாணவிகள் கண்ணில் ஒரு மின்னல். எனக்கும்தான், ஏன் மறைப்பானேன்.

சரி, டிஎன்ஏ. இங்கேதான் நாலு மாதம் போயிற்று.

முதல் தடவை மூடும் தசை சின்னதாக இருந்த சிப்பிகளில் வயிற்றுப் பக்கத்துச் சதையையும் சேர்த்து எடுத்தோம். பச்சையாக, கொழகொழவென்று ஏதோ வந்தது. சிப்பி உடம்பு முழுக்கச் சளிதான். அந்தச் சளியில் இருக்கும் சர்க்கரைச் சங்கிலிகள் டிஎன்ஏவோடு சேர்ந்தே இறங்கிவந்து, அடுத்த வேலையைக் கெடுக்கும். கடைசியில் குழாயடியில் டிஎன்ஏ வெள்ளைப் பொட்டாக உட்கார வேண்டிய இடத்தில் வடித்த கஞ்சியின் ஆடை மாதிரி ஒன்று மிதந்தது. இரண்டாம் தடவை தசை மட்டும், 20 மி.கி.க்கு மேல் போகாமல், பிளேடால் பொடிப்பொடியாக நறுக்கி, செல்லை உடைக்கும் சிடிஏபி கரைசலும் புரதத்தைச் சிதைக்கும் புரோட்டினேஸ் கே நொதியும் போட்டு 60 டிகிரியில் ராத்திரி முழுக்க வைத்தோம். எங்கள் வாட்டர் பாத் பழுது. வீட்டில் காபி ஊற்றி வைக்கிற ஃபிளாஸ்க்கில் 64 டிகிரித் தண்ணீர் ஊற்றிக் குழாய்களை மிதக்கவிட்டேன். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றினால் 58க்குக் கீழே போகவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து தண்ணீர் மாற்றியதைப் பார்த்துவிட்டு என் மாமியார், "யாருக்கும்மா கஷாயம்?" என்று கேட்டார். பிறகு குளோரோஃபார்ம் கொண்டு இரண்டு முறை கழுவல், ஐசோபுரோப்பனால், 70 சத ஆல்கஹால், உலர்த்தல். மொத்தம் 24 சிப்பிக்கு இப்படிச் செய்தோம்.

டிஎன்ஏ துண்டை நகலெடுத்துப் பெருக்கும் பிசிஆர் மெஷின் எங்களிடம் இல்லை. வேறொரு கல்லூரியில் இருக்கிற தோழி சனிக்கிழமைகளில் விட்டுக்கொடுத்தாள். பெருக்க எடுத்தது மைட்டோகாண்ட்ரியாவின் சிஓஐ மரபணுத் துண்டு. விலங்குகளை அடையாளம் காண உலகம் முழுக்க இதைத்தான் அதிகம் பயன்படுத்துகிறார்கள். நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் குட்டி டிஎன்ஏ துண்டுகளுக்கு ப்ரைமர் என்று பெயர். நாங்கள் வாங்கியது ஃபோல்மர் குழு 1994இல் வெளியிட்ட ஜோடி, ஒன்று 25 எழுத்து, ஒன்று 26 எழுத்து. எழுத்துக்கு 18 ரூபாய் வீதம் 918 ரூபாய். டிஎன்ஏ இழை பிரிய 94 டிகிரி, ப்ரைமர் ஒட்ட 48 டிகிரி, நகல் வளர 72 டிகிரி, இப்படி 35 சுற்று.

பெருகியதா என்று பார்க்க, டிஎன்ஏ துண்டுகளை அளவுவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் ஓட்டினோம். முதல் ஜெல்லை நீல விளக்கில் வைத்தோம். அளவுகோல் ஏணி மட்டும் அழகாக ஒளிர்ந்தது. எங்கள் எட்டுப் பள்ளமும் காலி. ஒன்பதாவது பள்ளத்தில் தோழி தன் மீன் டிஎன்ஏவைச் சும்மா போட்டுவைத்திருந்தாள். அதில் மட்டும் 700 எழுத்துப் பக்கத்தில் ஒரு கோடு. இந்த ஒற்றைக் கோடு இல்லையென்றால் நான் மெஷினைக் குறை சொல்லியிருப்பேன், ப்ரைமரைக் குறை சொல்லியிருப்பேன், புது ப்ரைமருக்கு ஆர்டரும் போட்டிருப்பேன். மெஷினும் நல்லது, ப்ரைமரும் நல்லது, கோளாறு நம் குழாயில்தான் என்று அந்தக் கோடு சொல்லிவிட்டது. மிச்சமிருந்த சளிதான் நொதியை முடக்கியிருக்கிறது. தோழி சொன்ன வைத்தியம் எளிது: டிஎன்ஏவைப் பத்து மடங்கு தண்ணீர் விட்டு நீர்க்க வை. டிஎன்ஏவும் சளியும் ஒரே அளவில்தான் குறையும், ஆனால் பிசிஆருக்குக் கொஞ்சம் டிஎன்ஏ போதும், நீர்த்துப்போன சளியால் நொதியை முடக்க முடியாது. நம்பிக்கையில்லாமல்தான் செய்தேன். அடுத்த சனிக்கிழமை எட்டில் ஆறு கோடு. இன்னும் சிலவற்றுக்கு ஐம்பது மடங்கு நீர்க்க வேண்டியிருந்தது. கடைசிக் கணக்கு: 24க்கு 19.

பணம் கருதி 16ஐத்தான் எழுத்து வாசிக்க அனுப்பினோம். கத்தி 4, கிண்ணம் 4, வேர்ப்பிடி 2, சுருள் 3, வெள்ளைத் தழும்பு மூன்றும். ஒன்றுக்கு 480 ரூபாய். ஒரு திசையில் மட்டும் வாசித்தால் போதும் என்று மிச்சம் பிடித்தேன். அதுவும் சரியான முடிவில்லை. தொடக்கத்தில் நாற்பது எழுத்தும் முடிவில் ஐம்பது, அறுபது எழுத்தும் மங்கிப்போய் வெட்டிவிட வேண்டியதாயிற்று. இரண்டு பக்கமும் வாசித்திருந்தால் ஒன்றை வைத்து மற்றதைச் சரிபார்த்திருக்கலாம்.

கோப்புகள் வந்தது வெள்ளிக்கிழமை சாயங்காலம். கல்லூரியில் இணையம் வேலை செய்யவில்லை. முதலில் பிளாஸ்ட்டில், அதாவது இணையத் தரவுத்தளத்தோடு டிஎன்ஏவை ஒப்பிடும் கருவியில் போட்டு, எது எதனோடு பொருந்துகிறது என்று பார்ப்பதுதான் முறை. எனக்குப் பொறுமையில்லை. மடிக்கணினியில் மெகா மென்பொருள் இருந்தது. பதினாறையும் வரிசைப்படுத்தி, எது எதற்கு நெருங்கிய உறவு என்று காட்டும் மரம் வரைந்துவிட்டேன். ஒரு பெரிய கொத்து, ஒரு சின்னக் கொத்து, இரண்டையும் விட்டு வெகுதூரத்தில் தன்னந்தனியாக ஒரு நீண்ட கிளை. அதன் நுனியில் 29.

29 வெள்ளைத் தழும்புகூட இல்லை. சாதாரணக் கத்தி. பார்ப்பதற்குப் பக்கத்துச் சிப்பி மாதிரியே இருந்துகொண்டு டிஎன்ஏவில் இவ்வளவு தூரம் விலகியிருக்கிறது என்றால்? ஓட்டை வைத்துப் பிரிக்க முடியாத மறைந்த இனம்! சனிக்கிழமை மாணவிகள் வீட்டுக்கு வந்தார்கள். பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டே பெயர்கூட முடிவு செய்தோம். எண்ணூரென்சிஸ். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒரு சந்தேகம் வந்தது: இவ்வளவு தூரமா? ஒரே குடும்பத்துச் சிப்பிகளுக்குள் இப்படி வராதே.

திங்கள் காலை பிளாஸ்ட்டில் போட்டேன். வரிசையாக வந்த பெயர் எல்லாம் ஒன்றுதான். மைட்டெல்லா ஸ்ட்ரிகேட்டா. காக்கா ஆழி.

29இன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். கீலுக்குப் பக்கத்து இடுக்கில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு காக்கா ஆழி ஒட்டிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றியதும் அதே பிளேடு, சிப்பித் தசையை வெட்டியதும் அதே பிளேடு. ஒவ்வொரு சிப்பிக்கும் நடுவில் பிளேடைத் தீயில் காட்டுவோம். அன்றைக்குப் பர்னரில் காஸ் தீர்ந்துவிட்டதால் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தோம். ஸ்பிரிட் கிருமியைக் கொல்லும், டிஎன்ஏவை அழிக்காது. நாங்களே ஆல்கஹாலில்தானே டிஎன்ஏவைப் பத்திரமாக வைத்திருக்கிறோம்! இதை யோசிக்க ஒரு நிமிஷம் போதும். யோசிக்கவில்லை. பத்து சத பிளீச்சில் முக்கி நல்ல தண்ணீரில் அலசியிருந்தால் போதும். பிளீச்சை ஓட்டுக்குப் போட்டோம், பிளேடுக்குப் போடவில்லை. எங்கள் நிலைமை அப்படி.

மிச்சமிருந்த தசையின் நடுப்பகுதியிலிருந்து மறுபடி எடுத்து அனுப்பியதுதான் போன செவ்வாய் வந்த கோப்பு. 29 பெரிய கொத்தில் போய்ப் பேசாமல் உட்கார்ந்துவிட்டது.

பெரிய கொத்தில் மொத்தம் 12: கத்தி நான்கும், வேர்ப்பிடி இரண்டும், கிண்ணத்தில் மூன்றும், வெள்ளைத் தழும்பு மூன்றும். தங்களுக்குள் நூற்றுக்கு ஒரு எழுத்துகூட வித்தியாசமில்லை. பாலத் தூணில் நெருக்கடியில் வளர்ந்தால் கத்தி, இடம் தாராளமாக இருந்தால் கிண்ணம், வேரில் விழுந்தால் வேரின் வடிவம். ஓட்டின் வெளிவடிவம் அது எங்கே குடியிருந்தது என்பதைத்தான் சொல்கிறது. வெள்ளைத் தழும்பு மூன்றின் எண்களைப் பார்த்ததும் மாணவி தலையில் அடித்துக்கொண்டாள். பிளீச்சில் ராத்திரி முழுக்க ஊறிய அதே மூன்று. ஊதா நிறத்தை வெளுத்தது நாங்கள்தான்.

சின்னக் கொத்தில் 4. சுருள் மூன்றோடு, கிண்ணம் என்று எழுதி வைத்திருந்த ஒன்றும் அங்கே போய் நின்றது. பெரிய கொத்துக்கும் இதற்கும் வித்தியாசம் நூற்றுக்கு இருபதுக்கு மேல். சாக்கோஸ்ட்ரியா, கல்லில் வளரும் சிப்பி. நாங்கள் தவறவிட்ட அந்த ஒன்றை மறுபடி எடுத்துக் கைலென்ஸில் பார்த்தோம். வெளி மடிப்பெல்லாம் அலையில் தேய்ந்து மழுங்கியிருந்தது. ஆனால் உள்விளிம்பில் சீப்புப் பல் மாதிரி நுணுக்கமான மேடுகள் சுற்றிலும் வரிசையாக இருந்தன. மேல் ஓட்டில் மேடு, அதற்கு நேரே கீழ் ஓட்டில் குழி. கோமாட்டா என்பது இதைத்தான். சாக்கோஸ்ட்ரியாவுக்கு உண்டு, உப்பங்கழிச் சிப்பிக்கு இல்லை. விரல் நுனியை உள்விளிம்பில் ஓட்டினாலே சொரசொரவென்று தெரிகிறது. இதை முதல் நாளே செய்திருந்தால் 42 ஓட்டையும் அரைமணி நேரத்தில் சரியாக இரண்டாகப் பிரித்திருக்கலாம். அப்புறம் மிச்சமிருந்த 26 ஓட்டையும் அப்படித்தான் பிரித்தோம்.

அப்படியானால் புது இனம் என்று எப்போது சொல்லலாம்? இந்தத் தடவை படித்ததில் இரண்டு கதை மனசில் நின்றது. ஹாங்காங் பக்கம் காலங்காலமாக வளர்த்துத் தின்ற சிப்பியை வேறு பெயரில் அழைத்துக்கொண்டிருந்தார்கள். 2003இல்தான் லாம், மார்ட்டன் இருவரும் ஓட்டையும் சதையையும் மரபணுவையும் சேர்த்துப் பார்த்து ஹாங்காங்கென்சிஸ் என்று தனிப் பெயர் கொடுத்தார்கள். மலேசியாவின் மூவார் ஆற்றில் மீனவர்கள் பல தலைமுறையாக எடுத்துவந்த சிப்பிக்கு 2021இல்தான் மகல்லானா சைதி என்று பெயர் வந்தது. இரண்டும் சந்தையில் விற்ற சிப்பிகள், யாரும் ஒளித்து வைக்கவில்லை. இரண்டிலும் ஒரே ஒரு கிளையை வைத்து யாரும் பெயர் வைக்கவில்லை. பல சிப்பி, ஒன்றுக்கு மேற்பட்ட மரபணு, கண்ணால் காட்டக்கூடிய ஓட்டு அடையாளம், அருங்காட்சியகத்தில் ஒப்படைத்த மாதிரி ஓடு என்று எல்லாம் வேண்டியிருந்தது. எங்களிடம் இருந்தது பஜ்ஜியும் ஒரு பெயரும்.

பெயர் என்றதும் ஒன்று. பெரிய கொத்தை பிளாஸ்ட்டில் போட்டபோது மெட்ராசென்சிஸ் என்றும் பைலினியேட்டா என்றும் மாறி மாறி வந்தது. 1916இல் பிரஸ்டன் கொச்சி, எண்ணூர் உப்பங்கழிச் சிப்பிகளைப் பற்றி எழுதியபோது வைத்த பெயர் மெட்ராசென்சிஸ். ஆனால் ரோடிங் 1798லேயே பைலினியேட்டா என்று ஒன்றுக்குப் பெயர் வைத்திருக்கிறார். இரண்டும் ஒன்றே என்று முடிவானால் மூத்த பெயருக்குத்தான் மரியாதை. 2017இல் ஆசியச் சிப்பிகளுக்கு மகல்லானா என்ற பேரினம் பிரிந்துவந்தபின், இப்போது மகல்லானா பைலினியேட்டா என்று எழுதுகிறார்கள். என் மாணவிக்கு இது பிடிக்கவேயில்லை. "புதுசாவும் பேர் வைக்க முடியல, இருந்த மெட்ராஸும் போச்சா மேம்?"

செலவுக் கணக்கு கேட்பவர்களுக்கு. படகு மூன்று நடை 2,400. உளி, ஸ்க்ரூடிரைவர், வெர்னியர், கையுறை எல்லாம் 1,150. ப்ரைமர் 918. எழுத்து வாசிப்பு 29இன் மறுவாசிப்போடு சேர்த்து 17 தடவை, 8,160. குழாய், நொதி, அகரோஸ் சில்லறைகள் 4,200. கூரியர் 350. ஆக 17,178 ரூபாய். ஆல்கஹாலும் குளோரோஃபார்மும் கல்லூரிக் கையிருப்பு. ஆல்கஹாலை வெளியில் வாங்க உரிமம் வேண்டும், அதற்கு முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள்.

ஒரு கேள்வி மட்டும் பாக்கி. சின்னக் கொத்து நான்கும் தரவுத்தளத்தில் ஏறக்குறைய ஒரே பொருத்தத்தில் மூன்று வேறு பெயர்களைக் காட்டுகின்றன. 1778இல் போர்ன் வைத்த, இப்போது சாக்கோஸ்ட்ரியாவில் சேர்ந்திருக்கும் குக்குல்லட்டா என்ற பெயருக்குக் கீழே ஒன்றுக்கு மேற்பட்ட இனங்கள் அடைந்து கிடக்கின்றன என்பது இந்தத் துறையில் பழைய சங்கதி. எங்கள் கருங்கல் தடுப்புச் சிப்பி அதில் எது என்று சிஓஐ மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. மைட்டோகாண்ட்ரியாவின் இன்னொரு மரபணுவான 16எஸ்ஸுக்கு ப்ரைமர் ஆர்டர் போட்டாயிற்று. 20ம் 22மாக 42 எழுத்து, 756 ரூபாய். வருகிற அமாவாசைக்கு மறுபடி கருங்கல் தடுப்புக்குப் போகிறோம். அங்கே நடந்தே போகலாம் என்றாலும் படகு அண்ணன் தானும் வருகிறேன் என்கிறார், அலை அடிக்கிற பக்கம் எங்களைத் தனியாக விட மாட்டாராம். காஸ் சிலிண்டர் மாற்றியாயிற்று, பென்சில் ஒரு டஜன் வாங்கி வைத்திருக்கிறேன்.